ஆட்சியைக் கிறிஸ்தவர்கள் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் ஜெபக்குழுவில் சேரலாமா?

கேள்வி: எங்கள் சபையில் ‘ஏழு மலை’ என்று ஒரு ஜெபக்குழு ஆரம்பித்திருக்கிறார்கள். அரசு, கல்வி, ஊடகம் எல்லாம் விசுவாசிகள் கைக்கு வரவேண்டும், அதுதான் தேவசித்தம் என்கிறார்கள். வீட்டில் சேரச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

சேர வேண்டாம். முகத்தில் அடித்தாற்போலச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் இது நடந்து முடிந்துவிட்டது, அதில் அடிபட்டது என் அம்மா.

நான் நாங்குநேரிப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கிராமத்துக்காரன். ஐந்தாவது தலைமுறை. குழந்தை ஞானஸ்நானம், திடப்படுத்தல், ஞாயிறு ஆராதனை எதிலும் குறை வைத்ததில்லை. அதனால் கீழே வந்து ‘பின்மாற்றக்காரன்’, அதாவது விசுவாசத்தை விட்டு விலகியவன், என்று யாரும் எழுத வேண்டாம். அதேபோல ‘பார்த்தீர்களா, நாட்டையே பிடிக்கச் சதி’ என்று இந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் 6.12 சதவீதம், இந்தியா முழுக்க 2.3 சதவீதம். இதை வைத்து யாரும் எதையும் பிடிக்கப் போவதில்லை. நான் பேசுவது எங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஒரு நோயைப் பற்றி. வேறு மதத்தில் இதே நோய் இருந்தால் அதை அந்த வீட்டார் பேசட்டும்.

அந்தப் போதனை எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். 1975-ல் அமெரிக்காவில் பில் பிரைட், லோரன் கன்னிங்ஹாம் என்ற இரண்டு ஊழியக்காரர்கள் மதம், குடும்பம், கல்வி, அரசு, ஊடகம், கலை, வணிகம் என்று ஏழு துறைகளைச் சொல்லி, அவற்றில் கிறிஸ்தவர்கள் செல்வாக்கோடு இருக்க வேண்டும் என்றார்கள். அதுவரை சரி. 2000-க்குப் பிறகு லான்ஸ் வால்நவ் போன்றவர்கள் அதையே ‘ஏழு மலை’ என்று ஊர் ஊராகப் பரப்பினார்கள். பீட்டர் வாக்னர் போன்றவர்கள் கையில் செல்வாக்கு என்பது ஆளுகை என்று ஆகிவிட்டது. இவர்களுக்கு முன்பே ரஷ்டூனி என்பவர், மோசேயின் சட்டம்தான் நாட்டுக்கும் சட்டமாக வேண்டும் என்று 1973-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டிருக்கிறார். எல்லாரும் பிடித்துக்கொள்வது ஆதியாகமம் 1:28-ல் வரும் ‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்ற ஒரே சொல்லை. அந்த வசனத்தை முழுக்க வாசியுங்கள். மீனையும் பறவையையும் ஜீவஜந்துக்களையும்தான் ஆளச் சொல்கிறது. பக்கத்துத் தெருக்காரனை ஆளச் சொல்லவில்லை.

எங்கள் ஊருக்கு இதைக் கொண்டுவந்தவர் வெளிநாட்டு வேலை முடிந்து திரும்பிய ஒரு தம்பி. நல்ல பையன், ஜெபத்தில் உருக்கமானவன், அதையும் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் நம் மாவட்டத்துக்கு ஊராட்சித் தேர்தல் வந்தது ஞாபகம் இருக்கும். அதற்கு முன்பெல்லாம் ஒரு தடவை எங்கள் ஊர் ஆள், ஒரு தடவை வடக்கூர் ஆள் என்று பெரியவர்கள் வாய்ப்பேச்சாகவே முடித்துவிடுவார்கள். வடக்கூர் இந்துக்கள் குடியிருக்கும் ஊர். அந்த முறை அவர்களுடையது. நின்றது ஒரு அக்கா, மகளிர் குழு நடத்துகிறவர். கொரோனா சமயத்தில் பஸ் இல்லாதபோது என் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவர்.

ஜெபக்குழு ‘அரசு என்கிற மலையை நம் பஞ்சாயத்திலிருந்து தொடங்குவோம்’ என்று ஒரு காண்ட்ராக்டரை நிறுத்தியது. ஓட்டுக்கு நாலு நாள் முன்னால் சாயங்கால ஜெபத்தில் மேசையில் வேதாகமத்தை விரித்து வைத்து, ஒவ்வொருவராக வந்து கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். நானும் வைத்தேன். அன்று எனக்கு எதிர்த்துப் பேசத் தைரியம் வரவில்லை. அம்மா முறை வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “சத்தியமே பண்ணாதன்னு ஆண்டவர் சொன்னது இந்தப் பொஸ்தகத்துலதானய்யா இருக்கு. அது மேலயே கைய வைக்கச் சொல்லுதியளே?” என்றார். மத்தேயு 5:34. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். யாருக்கும் பதில் இல்லை. அந்தத் தம்பி மட்டும், “பாட்டி, இது பொருத்தனை, ஆண்டவருக்கு நேர்ந்துக்கிடுதது, சத்தியம் இல்ல” என்றான். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

எங்கள் ஆள் ஜெயித்தார். நான் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். பஞ்சாயத்துக்குத் தெருவிளக்குச் சாமான் என் கடையில்தான் வாங்குவார்கள். ஒரு வருஷம் முழுக்க வடக்கூருக்கு என்று ஒரு பல்புகூட வாங்கவில்லை. பில் புத்தகம் என் கையில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அடுத்து வந்த அசனப் பண்டிகையில்தான், அதாவது சர்ச்சில் எல்லாருக்கும் சமைத்துப் போடும் விருந்தில்தான், என்னால் தாங்க முடியவில்லை. முந்தின நாள் ராத்திரி கோயில் வளவில் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். அம்மா நாற்பது வருஷமாகக் கத்தரிக்காய் நறுக்கியவர். வழக்கம்போல அருவாமனையைப் பழைய சேலைத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிஷத்தில் அதே சுற்றோடு திரும்பி வந்தார். “முடியாட்டா வீட்லயே இருங்க பாட்டி, நாங்க பாத்துக்கிடுதோம்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அருவாமனையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டார். வடக்கூரிலிருந்து வருஷம் தவறாமல் வரும் வாழையிலைக் கட்டும் தேங்காயும் அந்த வருஷம் வரவில்லை. இலையை வள்ளியூர்ச் சந்தையில் காசு கொடுத்து வாங்கினார்கள்.

‘ஒரு ஊரில் நடந்ததை வைத்துப் போதனையையே தப்பு என்பதா’ என்று கேட்பீர்கள். சரி, ஒரு நாட்டைப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவை 1991-ல் அதன் ஜனாதிபதி சிலூபா கிறிஸ்தவ நாடு என்று அறிவித்தார். 1996-ல் அது அரசியல் சாசனத்தின் முகவுரையிலும் ஏறியது. அதே சிலூபா, நாட்டுப் பணத்தில் 4 கோடி டாலருக்கும் மேல் மோசடி செய்ய உடந்தையாக இருந்தார் என்று 2007-ல் லண்டன் உயர் நீதிமன்றம் ஒரு சிவில் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. உள்நாட்டுக் கிரிமினல் வழக்கில் 2009-ல் விடுதலையானார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஒருதலையாக எழுதினேன் என்று வரக்கூடாது.

நம் நெல்லைச் சீமைக்கே இது தெரிந்த கதைதான். 1799-ல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உண்டானதும், மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தபிறகு ஊர் ஊராகச் சபைகள் எழும்பியதும் அடிபட்டு ஓடிவந்த ஜனங்களுக்குப் புகலிடமாகத்தான். ஆனால் மிஷனெரி கையில் ஊரின் பிடியும் சேர்ந்தபோது நம் ஜனமே முறுக்கிக்கொண்டது. 1857-ல் நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில் சட்டம்பிள்ளை வெள்ளைக்காரர் கட்டுப்பாடே வேண்டாம் என்று தனிச் சபை கண்டார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, ஆங்கிலிக்கன் திருச்சபையில் 1912-ல் முதல் இந்தியப் பேராயரானவர், கிறிஸ்தவர்கள் மட்டும் ஓட்டுப் போடும் தனித் தொகுதி வேண்டாம் என்று எதிர்த்தார். 1949-ல் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசனைக் குழுவில் மதச் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றங்களில் இட ஒதுக்கீடு வேண்டாம் என்று முன்மொழிந்தவரே எச்.சி. முகர்ஜி என்ற கிறிஸ்தவர்தான். அவர்களுக்கு விசுவாசம் குறைவா?

கல்வி மலையைப் பிடிக்க வேண்டுமாம். அந்த மலை இந்தப் பக்கத்தில் எவ்வளவோ காலமாக நம் கையில்தானே இருக்கிறது! என் மகன் பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் பாஸ் பண்ணி, நம்முடைய ஒரு பள்ளிக்கூடத்தில் காலியிடத்துக்குப் போனான். ஜெபம் பண்ணி உட்காரவைத்துவிட்டு 18 லட்சம் கேட்டார்கள். என் தாத்தா பிடியரிசி எடுத்துவைத்துக் கட்டிய பள்ளிக்கூடம் அது. இப்போது அவன் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனால் மலை மலை என்று பேசும்போது எனக்கு இதுதான் முதலில் வருகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வற்புறுத்துவது மாமியாரோ வீட்டுக்காரரோ என்று நினைக்கிறேன், அதனால் சண்டை போடாதீர்கள். ஜெபக்கூட்டம் மட்டும் என்றால் போய் ஜெபித்துவிட்டு வாருங்கள், குழுவில் பெயர் கொடுக்க வேண்டாம். யாருக்கு ஓட்டு, யார் கடையில் சாமான், யாரோடு பேசக்கூடாது என்று பேச்சு திரும்பினால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் வயதானவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தால் அவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்று அம்மா தனியாகத்தான் நடந்து வந்தார். நான் கூட்டம் முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.