குறுக்கே வந்து பேசும் குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் அடிக்கடி குறிப்பிடுவதால் ஜார்ஜ் எலியட்டின் ஆங்கில நாவல் ‘மிடில்மார்ச்’ வாசிக்க ஆரம்பித்து இருபத்தைந்து அத்தியாயங்கள் தாண்டிவிட்டேன். மனிதர்கள் எல்லாரும் பிடித்திருக்கிறார்கள். ஆனால் ஆசிரியர் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே வந்து பேசுகிறார். நான் போன சிறுகதைப் பட்டறையில் ‘சொல்லாதே, காட்டு’ என்பதுதான் முதல் பாடம். அந்தக் கணக்கில் இதில் பாதியை வெட்டிவிடலாம். இது அந்தக் காலத்துப் பழக்கமா, இல்லை எனக்குப் பிடிபடாத நுட்பம் ஏதும் இதில் இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கத்தரியை எடுப்பதற்கு முன் இன்னும் நாலு அத்தியாயம் வாசித்துவிடுங்கள். 29ஆம் அத்தியாயத்தின் முதல் வாக்கியம், நாயகி டொரோதியா தன் கணவர் கஸாபனின் லோயிக் வீட்டுக்கு வந்து சில வாரங்கள் ஆன ஒரு காலையைச் சொல்லத் தொடங்குகிறது. ‘டொரோதியா’ என்ற பெயர் வந்ததுமே முறிந்துவிடுகிறது. ஏன் எப்போதும் டொரோதியா? இந்தக் கல்யாணத்தைப் பற்றி அவளுக்கு மட்டும்தான் ஒரு பக்கம் இருக்கிறதா? கதைசொல்லி தன்னையே மறித்து இப்படிக் கேட்கிறார்.

அதுவரை நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசியுங்கள். கஸாபனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். நாற்பத்தைந்தைத் தாண்டிய மனிதர், இருபதுகூட ஆகாத பெண்ணைக் கட்டிக்கொள்கிறார். உலகத்துப் புராணங்களுக்கெல்லாம் ஒரே திறவுகோல் எழுதப்போவதாக வருஷக்கணக்கில் குறிப்பெடுக்கிறார். அந்தத் துறையில் ஜெர்மானியர்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டது அவருக்குத் தெரியாது, ஜெர்மன் வாசிக்கவும் வராது. அவர் ரத்தத்தில் ஒரு துளியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகத்தான் இருந்ததாம் என்கிறார் பாதிரியாரின் மனைவி மிஸஸ் காட்வாலடர். (எனக்கு இந்த அம்மாள் பேசும் இடமெல்லாம் போதாது, இன்னும் வேண்டும்.) இந்தச் சிரிப்புக்கு எலியட்டே நமக்குத் துணை நின்றார்.

1871 டிசம்பரில் தொடங்கி ஓராண்டு முழுக்க, எட்டுப் பகுதிகளாக வந்த நாவல் இது. 29ஆம் அத்தியாயம் மூன்றாம் பகுதியில், அதாவது 1872 ஏப்ரலில் வந்தது. அன்றைய வாசகர் கஸாபனை நாலு மாதம் நிம்மதியாகக் கிண்டலடித்திருக்க முடியும். வாசகருக்கு அந்தப் பழக்கம் படிந்த பிறகு, கதைசொல்லியின் அதே குரல் வந்து கையைப் பிடிக்கிறது. அந்த மனிதருக்குள்ளும் பசித்த ஓர் ஆன்மா இருக்கிறது, எனக்கு அவரை நினைத்தால் மிகவும் வருத்தமாக இருக்கிறது என்கிறது. இவ்வளவு படித்தும் எதையும் அனுபவிக்க முடியாமல், குளிரில் நடுங்கும் தன் சின்னஞ்சிறு சுயத்திலிருந்து ஒருபோதும் விடுபடாமல் இருப்பது என்ன வாழ்வு என்று கேட்கிறது.

உங்கள் பட்டறையில் இதற்குச் ‘சொல்வது’ என்று பெயர் வைப்பார்கள். எனக்கு இது நாவலுக்குள் நடக்கும் ஒரு சம்பவம், அதுவும் வாசகருக்கு நடப்பது. இதை ஒரு காட்சியாக எழுதியிருந்தால் கஸாபன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும். இத்தனை நாள் சிரித்தவர் நாம்தான் என்ற உறுத்தல் வந்திருக்காது.

இரண்டு அத்தியாயம் முன்னால், 27இல், இதற்கான கணக்கை எலியட்டே போட்டுக் காட்டுகிறார். மெருகேற்றிய பரப்பில் துடைத்துத் துடைத்து எல்லாத் திசையிலும் கீறல் விழுந்திருக்கும். பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்தால், அத்தனை கீறலும் அந்தச் சுடரைச் சுற்றியே வட்ட வட்டமாக அமைந்ததுபோலத் தெரியும். சம்பவங்கள்தான் கீறல்கள், சுடர் ஒருவருடைய தன்முனைப்பு. அங்கே ரோஸமண்ட் என்ற இன்னொரு பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. 29இல் மெழுகுவர்த்தியை டொரோதியா பக்கமிருந்து எடுத்துக் கஸாபன் பக்கம் வைக்கிறார், அவ்வளவுதான்.

பலன் 42ஆம் அத்தியாயத்தில். நாலாம் பகுதி முடிவதும் அங்கேதான். இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம் என்று கஸாபனிடம் டாக்டர் லிட்கேட் சொல்லிவிட்டுப் போகிறார். தோட்டத்தில் கஸாபன் தனியாக நடக்கிறார். டொரோதியா வந்து அவர் கைக்குள் தன் கையைக் கோக்கிறாள். அவர் கையைப் பின்னால் கட்டியபடியே விறைப்பாக நிற்கிறார், பிறகு நூலகத்துக்குள் போய்விடுகிறார். இதுவரை அவளிடம் நாம் பார்க்காத கோபம் அவளுக்கு வருகிறது. மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு, இரவில் படியருகே அவருக்காகக் காத்திருக்கிறாள். விளக்கோடு மேலே வரும் கிழவர் திடுக்கிடுகிறார். வா என்கிறார், நீ இளையவள், கண்விழித்து உன் ஆயுளை நீட்டிக்கொள்ளத் தேவையில்லை என்கிறார். அன்பைச் சொல்லும்போதும் அவருக்கு வாக்கியம் இலகுவாக வராது. இருவரும் கைகோத்து நடந்து போகிறார்கள். இங்கே நீளமான விளக்கம் ஏதும் இல்லை. விளக்கத்தை 29இலேயே செலவழித்துவிட்டதால் இங்கே கதைசொல்லி ஒதுங்கிக்கொள்ள முடிகிறது.

பழக்கமா என்று கேட்டீர்கள். ஸ்ட்ராஸ், ஃபாயர்பாக் என்ற சிந்தனையாளர்களை ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்து, பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி, நாற்பதை நெருங்கும்போது புனைகதைக்கு வந்தவர் எலியட். கட்டுரையாளரின் கை அதில் தெரியத்தான் செய்யும். ஆனால் 15ஆம் அத்தியாயத்தில், தனக்கு முந்தைய நூற்றாண்டு நாவலாசிரியர் ஃபீல்டிங்கைப் பற்றி ஒரு கிண்டல் வருகிறது. மேடையின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் சாவகாசமாகப் பேசினார், எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை என்கிறார். தன் குரலின் நீளம் எலியட்டுக்குத் தெரியாமல் இல்லை. கஸாபனை யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டதற்கு அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார் என்று அவரை அறிந்த எழுத்தாளர் மையர்ஸ் எழுதியிருக்கிறார். ஜெர்மன் அறியாத பண்டிதருக்கு, ஜெர்மன் நன்கறிந்த ஆசிரியரின் நெஞ்சு.

உங்கள் புகார் முழுக்கப் பொருந்தும் இடமும் உண்டு: கஸாபனின் இளம் உறவினன் வில் லாடிஸ்லா. அவன் வரும்போது மட்டும் இந்தக் குரல் மெழுகுவர்த்தியை நகர்த்துவதில்லை. அவன் சிரிப்பையும் சுருள்முடியையும் ரசிப்பதோடு நின்றுவிடுகிறது. 1873இல் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய மதிப்புரையிலும் லாடிஸ்லா தேறவில்லை. அவன் வரும் பக்கங்களை நீங்கள் வேகமாகத் தாண்டினால் நான் தடுக்கமாட்டேன்.