ஓய்வு பெற்ற ஆசிரியர் ஊர்க் கோயிலில் உழவாரப் பணிக் குழு தொடங்குவது எப்படி?

கேள்வி: அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் உள்ள பழைய சிவன் கோயில் புதர் மண்டிக் கிடக்கிறது. பழைய மாணவர்களைச் சேர்த்து உழவாரப் பணி, அதாவது கோயிலைச் சுத்தம் செய்யும் தொண்டு, செய்ய ஆசைப்படுகிறார். எப்படித் தொடங்குவது, எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மண்வெட்டி வாங்கும் முன் கோயில் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலர் அல்லது தக்காரிடம் (அறங்காவலர் இல்லாத கோயிலுக்குத் துறை நியமிக்கும் பொறுப்பாளர்) ஒரு பக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், எந்தப் பகுதியில் என்ன வேலை என்று எழுதி, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளட்டும். வாசலில் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகை இருந்தால் அந்தத் துறையின் அனுமதி இல்லாமல் எதிலும் கை வைக்கக் கூடாது. குருக்களிடமும் தனியாகப் பேசிவிட வேண்டும். கருவறையும் அதை ஒட்டி முன்னால் இருக்கும் அர்த்த மண்டபமும் அவர் எல்லை. அங்கே ஒட்டடை தொங்கினாலும் அவரிடம் சொல்லலாமே தவிர நாம் நுழைய முடியாது.

அடுத்தது பணம். கோயில் பெயரைச் சொல்லி வெளியாள் வசூல் செய்தால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பேச்சு வரும். பணமே வாங்க வேண்டாம். துடைப்பம், சாக்கு, அரிசி, பருப்பு என்று பொருளாக வாங்கி, வந்ததையும் செலவானதையும் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே போட்டுவிட்டால் போதும். முப்பது வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

20 பேருக்கு 4 மண்வெட்டி, 6 களைக்கொத்து, 4 அரிவாள், 8 இரும்புச் சட்டி, 10 தென்னந்துடைப்பம், 2 ஒட்டடைக் கம்பு, 10 வாளி, பழைய நெல் சாக்கு, தேங்காய் நார், தடித்த கையுறை, முகக்கவசம் இருந்தால் நடக்கும். அரிவாளை நான்குக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். அதிகமானால் ஆள் அருகில் ஆள் நின்று வீசுவார்கள். அப்பர் சிலைகளில் தோளில் சாய்ந்திருக்குமே, நீண்ட பிடியும் தட்டையான இலையும் கொண்ட உழவாரம், அதைக் கொல்லுப் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். குனியாமல் புல் செதுக்கலாம் என்பதால் அறுபது தாண்டிய முதுகுக்கு அதுதான் சரியான கருவி.

நாள், மாதத்தின் ஒரு குறிப்பிட்ட ஞாயிறாக இருக்கட்டும். பிரதோஷம், கிருத்திகை விழுந்தால் அடுத்த வாரம். காலை 6 மணிக்குத் தொடங்கி நடை சாத்தும் முன் முடித்துவிட வேண்டும். முதல் மாதம் 40 பேர் வருவார்கள், மூன்றாவது மாதம் 6 பேர் நிற்பார்கள். இதில் மனம் உடைந்து நின்றுபோன குழுக்கள் ஏராளம். அந்த 6 பேரை நம்பித்தான் திட்டமே போட வேண்டும். மாதம் ஒரு கோயில் என்று வண்டி பிடித்துப் போய், பேனர் கட்டிப் படம் எடுத்துவிட்டு வருவதில் புண்ணியம் இருக்கலாம், ஆனால் ஒரே மழையில் புல் திரும்ப முளைத்துவிடும். ஒரு வருடம் ஒரே கோயிலில் நில்லுங்கள்.

வேலையில் தவறு நடப்பது பெரும்பாலும் ஆர்வத்தால்தான். கருவறைக்கு மேலே உள்ள விமானத்தில் முளைத்த அரசு, ஆல், அத்திக் கன்றுகளைப் பாருங்கள். பறவை எச்சத்தில் வந்த விதை அது. ஒரு சாண் உயரத்துக்குள் இருந்து, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் மழைக்கு மறுநாள் வேரோடு வந்துவிடும். தண்டை மட்டும் வெட்டினால் மேலே பழையபடி துளிர்த்து உள்ளே வேர் பருக்கும். பெரிய செடியைக் கயிறு கட்டி இழுத்தால் வேர் கவ்விய கல்லும் சுண்ணாம்புச் சுதையும் சேர்ந்து வரும். அதற்கு ஸ்தபதியும் துறையும் இருக்கிறார்கள், எழுதிக் கொடுத்துவிட்டு விடுங்கள். சாரம், கோபுரம், ஏணி எதிலும் நம் ஆள் ஏறக் கூடாது.

கல் சுவரில் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். ஆசிட் கல் இணைப்பில் உள்ள சுண்ணாம்பைத் தின்றுவிடும். கம்பி பிரஷ் கல்வெட்டு எழுத்தின் விளிம்பை மழுக்கும். மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் மணல் வீச்சு தமிழகக் கோயில்களில் தடை செய்யப்பட்ட முறை. அதே போல, செதுக்கிய புல்லைப் பிராகாரத்திலேயே குவித்துக் கொளுத்துவதும் கூடாது. சூட்டில் கருங்கல் மேல்பரப்பு சில்லுச் சில்லாகப் பெயரும்.

எதை முதலில் நனைப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். தூண் சிற்பத்தின் மடிப்புகளில் பக்தர்கள் கொட்டிவைத்த திருநீறும் குங்குமமும் அப்பியிருக்கும். அங்கே முதலில் தண்ணீர் ஊற்றினால் குழம்பாகி உள்ளே இறங்கிக் காய்ந்து இறுகும். காய்ந்த பிரஷால் தட்டி எடுத்துவிட்டுப் பிறகு ஈரத்துணி. வௌவால் எச்சத்துக்கு நேர் எதிர். காய்ந்தபடி கூட்டினால் தூசி கிளம்பும், அதில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, முகக்கவசம் போட்டு, பிறகு வழிக்க வேண்டும். விளக்கு மாடத்து எண்ணெய்ப் பிசுக்கில் அரிசி மாவைத் தூவி அரை மணி நேரம் விட்டு, மூங்கில் பத்தையால் சுரண்டி, சீயக்காய்த் தூளும் வெதுவெதுப்பான நீரும் போட்டுத் தேய்த்தால் நன்றாக விடும். தேய்த்த இடம் வழுக்கும், நடை திறந்திருக்கும்போது சாக்கு விரித்துவையுங்கள். சண்டிகேசுவரர் முன்னால் மட்டும் ஒரு சட்டி நூல் கிடைக்கும். ஆடையிலிருந்து நூல் பிய்த்துப் போடும் வழக்கத்தை எந்த ஆசிரியராலும் இதுவரை மாற்ற முடியவில்லை.

அபிஷேக நீர் வெளியேறும் கோமுகையை மாதாமாதம் பாருங்கள். வில்வமும் பூவும் அடைத்துக்கொண்டால் அந்த நீர் அடித்தளத்தில் இறங்கும். வெளிப் பிராகாரத்தில் மண் ஏறி அதிட்டானம் என்கிற அடிப்பீடத்தின் குமுதம் (உருண்டையான கல் வரிசை) வரை மூடியிருந்தால் மேல் புல்லை மட்டும் செதுக்குங்கள். தோண்டி இறக்குவது நம் வேலை இல்லை. செதுக்கும்போதே சிலையோ காசோ தட்டுப்பட்டால் அதை எடுக்காமல், கழுவாமல், இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு உடனே கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் சொல்லிவிட வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.

புதரில் இறங்கும் முன் கம்பால் தட்டிப் பாம்பை விலகவிடுங்கள். கோபுரத்தில் மலைத்தேன் அடை இருந்தால் அந்தப் பக்கம் புகையோ சத்தமோ வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு விளக்குத் தட்டு துலக்குவதும் பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் சரியாக இருக்கும்.

சாப்பாடு சாம்பார் சாதமே நல்லது. 25 பேருக்கு 3 கிலோ அரிசி, 1 கிலோ துவரம்பருப்பு. 10 மணிக்கு மோர் கட்டாயம் வேண்டும்.

தமிழாசிரியர் என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். சுத்தமான கல் சுவரைக் கண்டதும் அதில் தேவாரம் எழுதத் தோன்றும். எனாமல் பெயின்டில் எழுதியதைப் பிறகு கல்லிலிருந்து எடுப்பது பெரும்பாடு, அடியில் கல்வெட்டு இருந்தால் அதுவும் போச்சு. மரப்பலகையில் எழுதி, ஆணி அடிக்காமல், மண்டபத்தில் சாய்த்துவையுங்கள்.

கிளம்பும் முன் பெயர் கூப்பிடுவது போலக் கருவிகளை எண்ணி வாங்கச் சொல்லுங்கள். புல்லில் விட்டுப்போன அரிவாளை அடுத்த மாதம் யாராவது காலால்தான் கண்டுபிடிப்பார்கள்.