வெறுப்பே இல்லாத ஊரைத் தொடரில் காட்டுவது பொய்தானே?

தன்பாலீர்ப்பாளரான கனடா நடிகர் டான் லெவி, தன் தொடரில் தன்பாலீர்ப்பாளர்களை யாரும் வெறுக்காத ஓர் ஊரைக் காட்டினாரே, நிஜத்தில் அப்படி ஊர் உண்டா, இது ஏமாற்று இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வெறுப்பை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வளர்ந்தவர் இல்லை நீங்கள் என்று நினைக்கிறேன். நான் அப்படி வளர்ந்தவன். அம்பாசமுத்திரம் பக்கம் சொந்த ஊர். நானும் தன்பாலீர்ப்பாளன், அதனால்தான் பெயர் போடவில்லை.

எங்கள் வீட்டில் டிவி பட்டாசலில் இருக்கும். இடுப்பை ஒடித்து நடக்கிற ஆண் ஒருவன் நகைச்சுவைக் காட்சியில் வந்தால் வீடே சிரிக்கும். பன்னிரண்டு வயதில் நானும் சேர்ந்து சத்தமாகச் சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் யாராவது என் முகத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று பயம். இத்தனைக்கும் எங்கள் சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து உண்டு. அண்ணாவி என்கிற முதன்மைப் பாடகர் பாட, மகுடம் என்கிற தோல்கருவி அதிர, பெண் வேடம் கட்டிய ஆண்கள் விடிய விடிய ஆடுவார்கள். அவர்களை ஒருவர்கூடக் கேலி செய்து நான் பார்த்ததில்லை. அவர்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்று நான் சொல்லவில்லை, அது அவர்கள் கலை, வழிபாடு. மரியாதையாகப் பார்க்க எங்கள் ஊருக்குத் தெரியும் என்றுதான் சொல்கிறேன். டிவிதான் எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பழக்கியது.

2018 செப்டம்பர் 6 அன்று, ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயது வந்த இருவர் மனமொத்து உறவு கொள்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பா சேனலை மாற்றினார்.

சரி, லெவிக்கு வருகிறேன். 2015 முதல் 2020 வரை ஓடிய 'ஷிட்ஸ் க்ரீக்' தொடரை அவர் தன் அப்பா யூஜின் லெவியோடு சேர்ந்து உருவாக்கினார், டேவிட்டாக நடித்தார். டேவிட்டுக்கும் பேட்ரிக் என்பவனுக்கும் காதல். ஊரில் ஒருவரும் அதைப் பிரச்சினையாக்குவதில்லை. அந்த வெறுப்புக்குத் தன் கதையில் இடம் இல்லை என்பது லெவி தெரிந்தே எடுத்த முடிவு. 2020இல் அந்தத் தொடருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி 9 கிடைத்தன.

அந்த வருட ஊரடங்கில் அக்கா பிள்ளைகளோடு எங்கள் வீட்டில் இருந்தாள். ராத்திரி மொட்டைமாடியில் என் போனில் இருவரும் பார்ப்போம். நாலைந்து நாள் கழித்துக் கேட்டாள்: "ஏல, அந்த ஊர்ல ஒருத்தரும் அவன ஒண்ணும் சொல்லமாட்டாவளா?"

"சொல்லமாட்டாவக்கா."

ஒரு பகுதியில் பேட்ரிக்கின் பெற்றோருக்கு விஷயம் தெரிந்துவிடும். மகன் இன்னொரு ஆணைக் காதலிக்கிறான் என்பதில் அவர்களுக்கு வருத்தமே இல்லை. இத்தனை நாள் நம்மிடம் சொல்ல முடியவில்லையே இவனுக்கு என்றுதான் உடைந்துபோவார்கள். அக்கா போனை வாங்கி நிறுத்தினாள்.

"நீயும் எங்கிட்ட எதையாவது மறைக்கியால?"

அன்றைக்குத்தான் சொன்னேன். அழுதுமுடிக்க ரெண்டு பேருக்கும் வெகுநேரம் ஆனது. அடியும் உதையுமாக ஒரு கதையைப் பார்த்திருந்தால் அக்கா பயந்துபோய் எனக்கு ஒரு பெண்ணைத் தேடியிருப்பாள். அந்தத் துன்பத்தைக் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அதுவும் நடக்கிறது. ஆனால் எங்களுக்கு அதை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

இன்னொரு ஆதங்கம். நாங்கள் பார்த்ததில் தமிழ் வசன வரிகள் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அக்காவுக்கு ஒவ்வொரு வரியையும் நான்தான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எல்லாரையும் போல நாங்களும்தானே மாதாமாதம் பணம் கட்டுகிறோம்? அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பகுதியை அம்மாவுக்கு நானே வாயால் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.