காலி வரைபடம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மணல்குன்றுகளின் நிலவரைபடத்தை ராத்திரி முழுக்கப் படித்துக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தீர்கள். நானும் அங்குள்ள செர்ரி கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பழைய வரைபடத் தாள் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். பழுப்புக் கோடுகள்தான். ஊர் இல்லை, ஒழுங்கான ரோடு இல்லை. இதில் படிக்க என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ஊரைத் தேடியிருக்கிறீர்கள். தண்ணீரைத் தேடுங்கள். அது மாட்டுப் பண்ணை நாடு. அங்கங்கே பொடி எழுத்தில் ‘விண்ட்மில்’ என்று இருக்கும். காற்றாடி சுற்ற, நிலத்தடி நீர் ஏறி மாட்டுத் தொட்டியில் விழும். விட்டுவிட்டுப் போட்ட கோடாகத் தெரியும் வண்டித்தடங்கள் பல, குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து அங்கேதான் போகின்றன.

அப்புறம் அந்தப் பழுப்புச் சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். மூடிய வளையமெல்லாம் குன்று இல்லை. உள்பக்கம் சின்னச் சின்னதாகப் பல் முளைத்திருந்தால் அது பள்ளம். முதல் நாள் கண்ணாடி போடாமல் உட்கார்ந்து, பாதி ராத்திரிவரை பள்ளங்களில் ‘ஏறி’க்கொண்டிருந்தேன். மணல் என்பதால் மழைநீர் ஓடாமல் நேரே கீழே இறங்கிவிடும். அதனால்தான் ஓடைகள் குறைவு. நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்கு ஆழமான பள்ளங்கள் நீல ஏரிகளாகக் கிடக்கின்றன.

சிவப்புக் கட்டங்களைப் பார்த்தீர்களா? நிலத்தை அளந்து பிரித்த கட்டங்கள் அவை. ஒவ்வொரு பக்கமும் ஒரு மைல் நீளம், பரப்பு 640 ஏக்கர். 1:24,000 அளவுத் தாளில் அந்த ஒரு மைல் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 36 கட்டம் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். கட்டங்களின் எண்கள் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும். 7 அதற்கு நேர் கீழே, அங்கிருந்து கிழக்கே. ஏர் திருப்பி ஓட்டுவது மாதிரி.

1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறிகளுக்கு 160 ஏக்கர் அரசு நிலம் கொடுத்தது. இந்த மண்ணில் அது பத்தாது என்று 1904-இல் கின்கெய்ட் சட்டம் 640 ஆக்கியது. ஆளுக்கு ஒரு கட்டம்! கேட்க ஜமீன் மாதிரி இருக்கிறது. உழுதார்கள், புல் போனதும் மணல் பறந்தது. பலர் விற்றுவிட்டுக் கிளம்ப, நிலம் பெரிய பண்ணைகளிடம் சேர்ந்தது. குன்று, ஏரி எதையும் பாராமல் ஸ்கேல் வைத்து இழுத்த கட்டங்கள் மட்டும் தாளில் அப்படியே இருக்கின்றன.

உங்கள் தாளில் ஏதாவது ஒரு காற்றாடியிலிருந்து தொடங்குங்கள். வீட்டைக் குறிக்கும் கறுப்புச் சதுரம் எத்தனை கட்டம் தள்ளி வருகிறது என்று எண்ணி எழுதுங்கள். என் தாளில் நான்கு.