களனிவெளி ரயில் பாதை யாருக்குச் சொந்தம்?

இலங்கையில் கொழும்பு மருதானையிலிருந்து அவிசாவளைக்குப் போகும் களனிவெளிப் பாதையைத் தோட்டக் கம்பனிகளா போட்டன என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அன்று முதலே அது அரசின் சொத்து. இன்று புகையிரதத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. தேயிலையும் இறப்பரும் ஏற்றத்தான் 1900களின் தொடக்கத்தில் இரண்டரை அடி அகலத்தில் தண்டவாளம் போட்டார்கள். 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. எட்டியாந்தோட்டைக் கிளையை 1942இல் அகற்றிவிட்டார்கள். 1976இல் அவிசாவளைக்கு அப்பால் முழுவதையும் மூடினார்கள். இரத்தினபுரி மக்களுக்கு அது பேரிழப்பு என்றே நினைக்கிறேன்.

1990களில் அகலப் பாதையாக, ஐந்தரை அடிக்கு, மாற்றினார்கள். ஆனால் வளைவுகள் பழைய சிறு ரயிலுக்காக வெட்டியவை. நாரஹேன்பிட்டிக்கும் நுகேகொடைக்கும் இடையே சக்கரங்கள் கிரீச்சிட, ரயில் ஊர்ந்து திரும்புவது அதனால்தான்.