ஒரே வசனத்துக்கு ஆளுக்கொரு விளக்கம்: நானே வேதத்தைப் படித்தால் புரியுமா?

கேள்வி: பல வருடங்களாகப் பிரசங்கம் கேட்கிறேன், காணொளிகளும் பார்க்கிறேன். ஒரே வசனத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தம் சொல்கிறார்கள். நானே படிப்போம் என்று ஆதியாகமத்தில் தொடங்கினால் லேவியராகமத்தில் நின்றுபோகிறது. இறையியல் படிக்காத எனக்கு வேதாகமம் புரியுமா?

பதில்: புரியும். இறையியல் படிக்காததல்ல உங்கள் சிக்கல். வேதத்தை வசனம் வசனமாகப் பிய்த்துக் கேட்டே நமக்குப் பழகிவிட்டது. வசன எண்கள் மூலத்தில் இல்லை. புதிய ஏற்பாட்டில் நாம் இன்று பார்க்கும் எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டவை. பவுல் எழுதியது கடிதம். கடிதத்தை நடுவில் ஒரு வரி மட்டும் யாராவது படிப்பார்களா?

எரேமியா 29:11ஐப் பாருங்கள். 'சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்று வாழ்த்து அட்டைகளில் வரும் வசனம். உடனே நல்லது நடக்கும் என்றுதான் பலரும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். 28ஆம் அதிகாரத்திலிருந்து படியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் இரண்டே வருடத்தில் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொல்கிறான். கேட்க இனிமையான செய்தி, ஆனால் பொய். அடுத்த அதிகாரத்தில் எரேமியா அந்த ஜனங்களுக்கு எழுதுகிறார்: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்கள் தீர்க்கதரிசிகளிடம் ஏமாறாதீர்கள், எழுபது வருடம் ஆகும். அதற்கு அடுத்த வரிதான் அந்த வசனம். கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் அந்த விடுதலையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது அதே வசனம் இன்னும் கனமாக இருக்கிறது, இல்லையா? இதைப் பார்க்க உங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு அதிகாரங்களும் கொஞ்சம் பொறுமையும்தான்.

சரி, எங்கே தொடங்குவது? பவுலின் கடிதங்களில் ஒன்றான பிலிப்பியர் நிருபத்தில் தொடங்குங்கள். மொத்தம் 104 வசனங்கள், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு வாரம் தினமும் முழுவதையும் படியுங்கள். முதல் மூன்று நாள் எதையும் குறிக்க வேண்டாம். அப்புறம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எழுதுகிறவர் எங்கே இருக்கிறார், யாருக்கு எழுதுகிறார், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எந்த இடம் புரியவில்லை. பவுல் சிறையில் கட்டுண்டிருப்பது முதல் அதிகாரத்திலேயே தெரியும். பிறகு 4:13க்கு வரும்போது, எல்லாவற்றையும் செய்யப் பெலன் உண்டு என்பதற்கு முந்தின வசனம் பசியையும் நிறைவையும் பேசுகிறது என்பதை நீங்களே கவனிப்பீர்கள்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் தடையாக இருந்தால் புதிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தையும் நோட்டில் குறியுங்கள். விளக்கவுரையைத் திறப்பது கடைசியில், அதுவும் உங்கள் கேள்விகளோடு.

கேட்டுக் கேட்டே நாம் நம்பிவிட்டவையும் உண்டு. மகதலேனா மரியாள் ஒரு விலைமகள் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். ஏழு பிசாசுகள் நீங்கப்பெற்றவள் என்று லூக்கா 8:2 சொல்கிறது, அவ்வளவுதான். 7ஆம் அதிகாரத்தில் வரும் பாவியான பெண்ணுக்கு லூக்கா பெயரே கொடுக்கவில்லை. இந்த இருவரையும் ஒருத்தியாகச் சேர்த்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாக இருந்த முதலாம் கிரகோரி. ஒரு பெண்ணின் பெயரில் இத்தனை காலம் அந்தக் களங்கம் நின்றுவிட்டது. எனக்கு இது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதற்காகப் போதகர்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று பிலிப்புவிடம் கேட்கிறார். ஆனால் பிலிப்பு வந்தபோது அவர் ரதத்தில் ஏசாயாவைத் தாமே வாசித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது, வாசித்ததிலிருந்து பிறந்த கேள்வி. பெரோயா பட்டணத்தாரோ, பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அவர்களுக்குப் பாராட்டுத்தான் கிடைத்தது (அப்போஸ்தலர் 17:11).

லேவியராகமத்தை இப்போதைக்கு விடுங்கள். பிலிப்பியருக்குப் பிறகு மாற்கு சுவிசேஷம், அதன் பின் யாத்திராகமம். அப்புறம் எபிரெயர் 9, 10 அதிகாரங்களைப் படித்துவிட்டு லேவியராகமம் 16க்கு வாருங்கள். பலிகள் எதற்கு என்று தெரிந்து படிப்பதால் முன்பு போல அங்கே நின்றுபோகாது. இதற்கிடையில் காணொளி பார்ப்பதாக இருந்தால், அதில் போதகர் பேசப்போகும் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்துவிட்டுப் பாருங்கள்.