வெறும் 3000 என்றால் எவ்வளவு நேரம்?

கேள்வி: புரோகிராமைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் ஸ்லீப் ஃபங்ஷனுக்கு எண்ணை மட்டும் கொடுத்தால் போதாதா? கூடவே அலகையும் எழுதுவதால் என்ன லாபம்?

பதில்: ஜாவாவின் ஸ்லீப் மில்லிசெகண்டில் கணக்குப் பார்க்கும், பைத்தானின் ஸ்லீப் செகண்டில். ஒருமுறை ஜாவா கோடைப் பைத்தானுக்கு மாற்றும்போது 3000 என்ற எண்ணை அப்படியே கொண்டுவந்துவிட்டேன். மூன்று செகண்ட் பொறுத்து மறுபடி முயல வேண்டிய புரோகிராம் 50 நிமிடம் அசையாமல் கிடந்தது. எர்ரர் இல்லை, லாகில் ஒரு வரிகூட இல்லை. நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டே ஒரு மதியம் போயிற்று. அந்த வரியை நாலு முறை படித்தேன், தப்பு கண்ணில் படவில்லை. படாதுதான், அலகு அங்கே இல்லையே!

சி++ மொழியின் 2014 பதிப்பான சி++14-இல் 3எஸ் (3 செகண்ட்), 500எம்எஸ் (500 மில்லிசெகண்ட்) என்று அலகை எண்ணோடு ஒட்டியே எழுதலாம். நுண்செகண்டுக்கு யுஎஸ், நிமிடத்துக்கு மின், மணிக்கு எச். இவை வெறும் எண்கள் அல்ல, தனி டைப்புகள், அதாவது தனித் தரவு வகைகள். 3எஸ்ஸோடு 500எம்எஸ்ஸைக் கூட்டினால் 3500 மில்லிசெகண்ட் என்று, கோடை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரே சரியாகப் போட்டுக்கொள்ளும். சி++இன் ஸ்லீப் ஃபங்ஷனான ஸ்லீப்-ஃபாருக்கு வெறும் 500 கொடுத்துப் பாருங்கள், கம்பைல் ஆகாது. அந்த மறுப்புதான் நமக்கு வேண்டிய பாதுகாப்பு.

கேள்வி: 500எம்எஸ் என்று எழுதினாலும் எர்ரர் வருகிறதே?

பதில்: நேரத்துக்கான க்ரோனோ ஹெடரைச் சேர்த்தால் மட்டும் போதாது, இந்த அலகுகள் இருக்கும் க்ரோனோ-லிட்டரல்ஸ் நேம்ஸ்பேஸுக்கு (பெயர்த் தொகுப்புக்கு) யூசிங் வரியும் வேண்டும். அப்புறம், எண்ணுக்கும் எம்எஸ்ஸுக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள்.

கேள்வி: சி++20-இல் இரண்டு நாளுக்கு 2டி என்று எழுதலாமா?

பதில்: எழுதினால் கம்பைல் ஆகும், ஆனால் அர்த்தம் வேறு. அது மாதத்தின் 2-ஆம் தேதி என்ற காலண்டர் நாள், கால அளவு அல்ல. இரண்டு நாள் அளவுக்கு 48எச், அல்லது டேஸ் என்ற டைப்.

கேள்வி: 1.5எஸ்ஸை மில்லிசெகண்ட் வேரியபிளில் போட முடியவில்லை.

பதில்: புள்ளி வைத்ததும் அது தசம எண் வகையாகிவிடுகிறது. அதை முழு எண்ணுக்குத் தானாக மாற்றினால் பின்னம் தொலையலாம் என்பதால் கம்பைலர் தடுக்கிறது. 1500எம்எஸ் என்று எழுதிவிடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: கோ மொழியில் 5-ஐ டைம்.செகண்டால் பெருக்கினால் வேலை செய்கிறது. அதே 5 இன்ட் (முழு எண்) வேரியபிளில் இருந்தால் எர்ரர். ஏன்?

பதில்: கோ மொழியில் 3எஸ் போல அலகோடு எழுதும் லிட்டரல் கிடையாது. அங்கே கால அளவுக்கான டைப்பான டியூரேஷன் என்பது நானோசெகண்டை எண்ணும் 64 பிட் முழு எண். நேரடியாக எழுதிய 5-க்கு இன்னும் டைப் இல்லாததால் டியூரேஷனாக மாறிக்கொள்கிறது. இன்ட் வேரியபிளுக்கு டைப் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அதை டியூரேஷனாக மாற்றிவிட்டுப் பெருக்குங்கள்.

இதே வசதியில் ஒரு பள்ளமும் இருக்கிறது. டைம்.ஸ்லீப்புக்கு வெறும் 5 கொடுத்தாலும் கோ ஏற்றுக்கொள்ளும், ஆனால் தூங்குவது 5 நானோசெகண்ட்தான். கோட் ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.